கொசார்க்கா ஊருக்கு மேலே ஒரு கரிக்கல்

வெலின் கெஹாயோவ் என்ன வேலை பார்க்கிறார் என்பது கொசார்க்கா ஊரில் எல்லோருக்கும் தெரியும். கரி பார்க்கிற வேலை. அவர் மீது யாருக்கும் எந்தக் கோபமும் கிடையாது. வழியில் பார்த்தால், "எங்க கொட்டகையிலயும் குளிருக்கு வாங்கிப் போட்ட கரி ஒரு குவியல் கெடக்கு, வந்து ஆற அமரப் பாத்துட்டுப் போங்க" என்று அன்பாகக் கூப்பிடுவார்கள்.

தப்பு அவருடையதுதான். இந்த மலையூருக்குக் குடிவந்த புதிதில், ஹைரியின் சாராயக்கடையில் யாரோ கேட்டதற்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்.

"சூரியனைச் சுத்திக்கிட்டு, அப்பப்ப பூமிக்குப் பக்கத்துல வந்து போற சிறுகோளுங்க இருக்கு. அதுல சிலது ரொம்பப் பழசு. ஆதியில உருவானப்ப எப்படி இருந்துதோ, இன்னிக்கும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். கரிக்கட்டை மாதிரி கறுப்பு. அதுமேல பட்டுத் திரும்புற வெளிச்சத்தை நான் அளக்கிறேன்."

"அளந்து?"

"சாதாரண வெளிச்சம் எல்லாப் பக்கமும் அதிரும். ஒரு பொருள்மேல பட்டுத் தெறிச்சா, அதுல ஒரு பங்கு ஒரே பக்கமா அதிர ஆரம்பிக்கும். அந்தப் பங்கு எவ்வளவுன்னு பாத்தா, கல்லோட மேல்பரப்புல இருக்கிறது பொடி மணலா, சரளையான்னு இங்க இருந்தே சொல்லிடலாம்."

ஹைரி குவளையைத் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "மணலா சரளையான்னு தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? வீடு கட்டப் போறீங்களா?"

கரி பார்க்கிறவர் என்பது அன்றைக்கு விழுந்த பெயர். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் மாறவில்லை.

வெலினுக்கு இளமையில் கல் பார்க்கும் ஆசையெல்லாம் இருந்ததில்லை. பேருந்து ஓட்டுநரின் மகன். தலைநகர் சோஃபியாவின் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தார். விண்மீன் மண்டலங்களை ஆராயத்தான் போனார். அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டமே காத்திருந்தது. பக்கத்து அறையில், ஒளி எந்தப் பக்கமாக அதிர்கிறது என்று பார்க்கும் கருவி ஒன்று துணி போர்த்திக் கிடந்தது. அதை யாரும் கேட்கவில்லை. "இதுக்கு வரிசையே இல்லை" என்றார் பேராசிரியர். வரிசையில் நிற்பது வெலினுக்குப் பிடிக்காது. மனிதனின் வாழ்க்கைப் பாதை இப்படித்தான் தீர்மானமாகிறது.

அந்தக் கருவியோடேயே ரொதோப்பி மலைமேல் இருந்த வானாய்வு நிலையத்துக்கு வந்தார். நிலையத்தின் குடியிருப்பு ஒழுகியதால் கீழே கொசார்க்காவில் வீடு எடுத்தார். மனைவி ருஸ்கா சமவெளிக்காரி. பனிச்சறுக்குக் கையுறை தைக்கும் ஆலையில் வேலை பார்த்தாள். ஆலை மூடியதும் கொல்லையில் அவரைக்கொடி போட ஆரம்பித்தாள். ஊர் அவர்கள் இருவரையும் மரியாதையாக நடத்தியது. ஆனால் கடைசிவரை "புதுசா வந்தவங்க" என்றே சொன்னது.

இந்த நிலையில்தான் அப்படிப்பட்ட ஒரு கல் பூமிக்குப் பக்கத்தில் வருவது தெரிந்தது. அதற்குப் பெயர் இல்லை, ஓர் எண்தான். அக்டோபரில் சில நாட்கள், சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும், தென்மேற்கு வானத்தில் தாழ்வாகக் கொஞ்ச நேரம் இருக்கும். நிலையத்தின் குவிமாடத்திலிருந்து பார்த்தால் சரியாகக் கொசார்க்கா தேவாலயத்தின் கூரைக்கு மேலே. சூரிய வெளிச்சம் பக்கவாட்டில் பட்டு நம் பக்கம் திரும்பும்படி கல் நிற்கும்போதுதான், அதன் ஒளியில் ஒரே பக்கமாக அதிரும் பங்கு உச்சத்துக்குப் போகும். இப்படி வசதியான இடத்தில் அந்தக் கல் மறுபடி வந்து நிற்கும்போது வெலின் உயிரோடு இருக்கமாட்டார். அவருடைய கருவியும் இருக்காது.

அவர் ஒரு வருஷமாகத் தயார் செய்தார். கரடி வரும் என்பதை மட்டும் எதிர்பார்க்கவில்லை.

கோடையில் ஒருநாள் காலை, நிலையத்தின் சமையலறைக்குள் ஒரு கரடி புகுந்து, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானிட்சாவை ஒரு தட்டு தின்றுவிட்டுப் போனது. தொலைக்காட்சிக்காரர்கள் அன்று சாயங்காலமே படம்பிடிக்க வந்தார்கள். கரடி அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. சமையல்காரர் பேச மறுத்துவிட்டார். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், அங்கே நின்றிருந்த வெலினின் முகத்துக்கு நேராக ஒலிவாங்கியை நீட்டினார்கள்.

அவர் சொன்னது இது: "அக்டோபர்ல ஒரு சிறுகோள் நேரா கொசார்க்கா ஊருக்கு மேல வந்து நிக்கும். ரொம்ப தூரத்துலதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது."

செய்தியில் முதல் வாக்கியம் மட்டும் வந்தது.

மறுநாள் வெலின் முகம் கழுவிவிட்டு வந்தபோது, மேயர் ஃபிதான்கா அவர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து ருஸ்கா போட்ட காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். ஃபிதான்கா அகலமான பெண்மணி. குரல் அதைவிட அகலம். கொசார்க்காவுக்கென்று ஒரு திருவிழா வேண்டும் என்பதற்காகப் பத்து வருஷமாகப் போராடுகிறவர்.

"அவரைக்காய்த் திருவிழா பண்ணலாம்னு பாத்தேன், ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன் பண்ணிட்டான். பாலாடைக்கட்டி ஒருத்தன் எடுத்துக்கிட்டான். உருளைக்கிழங்கு ஒருத்தன். தோல்பைக் குழல் ஊதுறதை மூணு ஊரு பங்கு போட்டுக்கிச்சு. எங்களுக்குன்னு ஒண்ணும் மிச்சம் இல்லாம இருந்துச்சு, வெலின் அண்ணே. நீங்கதான் கொண்டாந்தீங்க."

"நான் கொண்டாரல அம்மா. அது தானா வருது."

"அடக்கம் வேண்டாம். சதுக்கத்துல கல்லுக்கு ஒரு சிலை வெக்கிறோம். சுத்தி விளக்கு. விமான நிலையத்துல போடுவாங்களே, அந்த மாதிரி. பக்கத்து ஊர்க்காரன் தூங்கக் கூடாது."

வெலின் முகம் துடைத்த துண்டைக் கீழே வைத்தார். "விளக்கு போட்டா கல்லு தெரியாது."

"விளக்கு போடலேன்னா சிலை தெரியாதே."

ருஸ்கா மேயருக்கு இன்னொரு குவளை ஊற்றினாள்.

ஊராட்சி மன்றக் கூரை ஒழுகியதால் கூட்டங்கள் ஹைரியின் கடையில்தான் நடக்கும். சிலை செய்கிற பொறுப்பை இரும்புப் பற்றவைப்புக்காரர் சஃபீர் ஏற்றுக்கொண்டார். அதுவரை வேலிக்கதவுகளும் கல்லறைக் கம்பிகளும் மட்டுமே செய்தவர். நெஞ்சுக்குள் கலைஞன் ஒருவன் அடைபட்டுக் கிடப்பதாக அவருக்கு ஓர் எண்ணம். ஒரு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வெலின் எதிரில் உட்கார்ந்தார்.

"கல்லு எப்படி இருக்கும், சொல்லுங்க."

"தெரியாது. யாரும் பாத்ததில்ல."

"நீங்க பாத்திருப்பீங்கல்ல."

"நான் பாக்கிறது ரெண்டு புள்ளி."

"ரெண்டு கல்லா?"

"ஒரு கல்லுதான். என் கருவி ஒரே வெளிச்சத்தை ரெண்டாப் பிரிச்சுக் காட்டும். ஒண்ணு இப்படி அதிருற வெளிச்சம், இன்னொண்ணு அப்படி அதிருற வெளிச்சம். எது எவ்வளவு பிரகாசம்னு ஒப்பிட்டுப் பாப்பேன்."

சஃபீர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், மறுபடி செருகினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு ரெண்டாத் தெரிஞ்சா கண்ணு டாக்டரைத்தான் பாக்கணும் அண்ணே. எங்க மச்சானுக்கும் இருந்துச்சு. ரக்கியாச் சாராயத்தை விட்டதும் சரியாயிடுச்சு" என்றார்.

கடைசியில், உருளைக்கிழங்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம் என வெலின் ஒத்துக்கொண்டார். உருளைக்கிழங்கை ஏற்கெனவே இன்னொரு ஊர் எடுத்துக்கொண்டதே என்று மேயர் கவலைப்பட்டார். நிறம்தான் பெரிய சண்டையாயிற்று. மேயருக்கு வெள்ளை வேண்டும், மேலே மினுக்குப் பொடியும் வேண்டும். வெலின் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மேஜையைத் தட்டினார்.

"கறுப்பு. அந்தக் கல்லுகிட்ட இருக்கிற ஒரே குணம் அதுதான். அதையும் புடுங்காதீங்க."

"எவ்வளவு கறுப்பு?"

"தார் ரோட்டை விடக் கறுப்பு."

சஃபீர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். இரும்புச் சட்டம் கட்டி, சிமெண்ட் பூசி, அதன்மேல் தாரைக் காய்ச்சி ஊற்றி, ஊரிலுள்ள புகைபோக்கிகளையெல்லாம் சுரண்டிக் கரியெடுத்து அப்பினார். முடித்தபோது அது ஒரு குதிரைவண்டி அளவுக்கு இருந்தது. பட்டப்பகலில்கூடக் கண்ணால் பிடிக்க முடியாத கறுப்பு. மற்ற பொருட்களுக்கு நடுவில் ஏதோ ஒன்று விடுபட்டுப்போன மாதிரி தெரியும். மூன்றாவது நாள் விடிவதற்கு முன்னால் வந்த பால்வண்டி நேராக அதில் மோதியது. சிலைக்கு ஒன்றும் ஆகவில்லை. சதுக்கம் முழுக்கப் பால்.

"இதுக்குத்தான் விளக்குன்னேன்" என்றார் ஃபிதான்கா. விளக்குகள் வந்து இறங்கின.

வெலின் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் சட்டைப்பைக்குள் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்துக்கொண்டு ஹைரியின் கடைக்குப் போனார். ஊர் ஆண்கள் எல்லோரும் தொலைக்காட்சியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேயரும் இருந்தார். வெலின் நேராகப் போய் அந்தச் சாம்பல் நிறத் தகட்டைத் திரைக்கு முன்னால் பிடித்தார்.

"மறைக்காதீங்க, தெரியல" என்று நாலுபேர் கத்தினார்கள்.

"நல்லாப் பாருங்க. தெரியுதா?"

தெரிந்தது, கொஞ்சம் மங்கலாக. வெலின் தகட்டை மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பினார். திரையில் அந்த இடம் மட்டும் இருண்டுகொண்டே வந்து சுத்தமாகக் கறுத்தது. ஆட்டக்காரர்கள் ஓடிவந்து கறுப்புக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்தார்கள். அவர் திருப்பித் திருப்பிக் காட்டினார். அதற்குள் யாரோ கோல் போட்டது அந்தக் கறுப்புக்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டது; அதை வைத்துப் பிறகு ரொம்ப நாள் சண்டை நடந்தது.

"டீவி வெளிச்சம் ஒரே பக்கமா அதிருது. அதனாலதான் இந்தத் தகடு அதை நிறுத்துது. மீன் பிடிக்கிறவங்க, வண்டி ஓட்டுறவங்க கூசாம இருக்கப் போடுற கறுப்புக் கண்ணாடியும் இதேதான். என் கல்லோட வெளிச்சமும் இப்படித்தான். அதை அளக்கணும்னா ஊரு இருட்டா இருக்கணும். உங்க விளக்கு எரிஞ்சா, நான் கல்லை அளக்கல, உங்க விளக்கை அளப்பேன்."

ஃபிதான்கா அவர் சொன்னதில் தனக்குத் தேவையான பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"அப்ப, இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, இருட்டுல பாத்தா, கல்லு தெரியும். அப்படித்தானே?"

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வெலின் பொய் சொல்லிப் பழகாதவர். ஆனால் ஜன்னல் வழியே சதுக்கத்தில் அடுக்கி வைத்திருந்த விளக்குகள் தெரிந்தன.

"இருட்டா இருந்தா நல்லது" என்றார்.

அது பொய் இல்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் அதையே தனக்குச் சொல்லிக்கொண்டு போனார்.

அந்த வாரமே மேயர் ப்ளொவ்திவ் நகரத்துக்குப் போய், ஓட்டுநர்கள் வாங்கும் கடையிலிருந்து கறுப்புக் கண்ணாடிகளைப் பெட்டி பெட்டியாக ஏற்றிவந்தார். சுவரொட்டிகள் அடித்தாயிற்று: 'இருட்டுத் திருவிழா.' சுற்றுவட்டாரத்தில் யாரும் அதுவரை எடுத்துக்கொள்ளாத பொருள் இருட்டுதான் என்று கண்டுபிடித்ததில் அவருக்கு அளவில்லாத பெருமை. ஒன்றில் இறங்கினால் அரைகுறையாக விடமாட்டார். தெருவிளக்குகளுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. சிகரெட் தடை. கைப்பேசிகள் ஒரு வாளியில். ஹைரியின் குளிர்பெட்டிக்குள் இருந்த சின்ன விளக்கைக்கூட மேயரே கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பாதிரியார் சோத்திர் மட்டும், மெழுகுவர்த்தியை அணைக்கக் கடவுளிடம்தான் அனுமதி கேட்க வேண்டும் என்றார். "கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று மேயர் வாசலிலேயே நின்றார். பாதிரியார் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்து வந்து, சரி என்றார்.

திருவிழாவின் முதல் நாள் சாயங்காலம் வெலின் மலைமேல் குவிமாடத்தைத் திறந்துவிட்டு, வெளியே இரும்புப் படியில் நின்று கீழே பார்த்தார். ஊரைக் காணவில்லை. தேவாலயம் இல்லை, ஹைரியின் கடை இல்லை, தன் வீடும் இல்லை. பள்ளத்தாக்கில் சஃபீரின் சிலையைப் போல ஒரு பெரிய கறுப்பு மட்டும் இருந்தது. தான் கேட்டதுதான் கிடைத்திருக்கிறது. ஆனாலும் தன் வீட்டுக் கூரை எந்தப் பக்கம் என்று தேடிப் பார்த்தார். அந்தக் கறுப்புக்குள்ளிருந்து, எங்கே என்று தெரியாமல், நூற்றுக்கணக்கானவர்கள் "ஷ்ஷ்" என்று ஒருவரையொருவர் அடக்கும் சத்தம் காற்றோடு மேலே ஏறி வந்தது.

உள்ளே போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தார். இரண்டு புள்ளிகள் வந்தன. ஒன்று வெளிச்சமாக இருந்தது, மற்றது அதில் பாதிகூட இல்லை. இருபது வருஷத்தில் இவ்வளவு வித்தியாசத்தை அவர் எந்தக் கல்லிலும் பார்த்ததில்லை. பக்கத்தில் யாராவது இருந்தால் காட்டியிருப்பார். யாரும் இல்லை. கல் மலைமுகட்டுக்குப் பின்னால் இறங்கும்வரை கருவியின் ஒளிவடிகட்டியைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தார்.

எல்லாம் முடிந்ததும் நிலையத்துத் தொலைபேசியில் வீட்டுக்குப் பேசினார்.

"எப்படி நடந்துச்சு?"

"நல்லா நடந்துச்சு" என்றாள் ருஸ்கா. "கறுப்புக் கண்ணாடி போட்டதுல யாருக்கும் ஒண்ணும் தெரியல. தோல்பைக் குழல் ஊதுறவங்க ரெண்டுபேரு முட்டிக்கிட்டு விழுந்துட்டாங்க. ஹைரி, கிண்ணம்னு நெனச்சு மேயர் தொப்பியில சூப்பை ஊத்திட்டாரு. அப்புறம் எல்லாரும் கல்லைப் பாத்தாங்க."

"எதை?"

"கல்லைத்தான்."

"ருஸ்கா, அது கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி போட்டா இன்னும் தெரியாது."

"எனக்குத் தெரியாதா? சஃபீரு மொதல்ல பாத்தாரு. அப்புறம் ஹைரி. அப்புறம் வரிசையா எல்லாரும். எடது பக்கம் ஒரு பள்ளம் இருக்காம். சிலையில பள்ளம் வெக்காம விட்டுட்டேன்னு சஃபீரு அழுதுட்டாரு பாவம்."

வெலின் தொலைபேசியை ஒரு காதிலிருந்து மறுகாதுக்கு மாற்றினார். "நீ பாத்தியா?"

அந்தப் பக்கம் அடுப்பில் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது.

"லேசா" என்றாள்.

அடுத்த நாள் கூட்டம் இரட்டிப்பானது. தலைநகரத்திலிருந்தெல்லாம் வந்தார்கள், வண்டிகளைக் கீழே விட்டுவிட்டு, விளக்கில்லாத பாதையில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். அவர்களில் ஒரு சோஃபியாக்காரர், தனக்கு எதுவுமே தெரியவில்லை என்று உரக்கச் சொல்லிவிட்டார். கூட்டம் அவர்மேல் கோபப்படவில்லை, பரிதாபப்பட்டது.

"தலையைச் சாய்ச்சுப் பாருங்க. நேராப் பாத்தா தெரியாது. டீவியில வெலின் அண்ணன் திருப்பிக் காட்டினாரே, அந்த மாதிரி" என்றார் ஹைரி.

"எந்தப் பக்கம் சாய்க்கிறது?"

"மொதல்ல வலது."

அவருக்குத் துணையாக எல்லோரும் சாய்த்தார்கள். சதுக்கம் முழுக்க, கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள், கும்மிருட்டில், தலையை வலதுபக்கம் சாய்த்து நின்றார்கள். பிறகு இடதுபக்கம். பாதிரியாரும் சாய்த்தார். கொஞ்ச நேரத்தில் சோஃபியாக்காரர் "ஆமா, இருக்குது" என்றார். பக்கத்திலிருந்தவர் அவரைக் கட்டிக்கொண்டார். இதையெல்லாம் ருஸ்கா பிற்பாடு சொல்லித்தான் வெலினுக்குத் தெரியும். அவர் ஒருநாளும் திருவிழாவைப் பார்க்கவில்லை. அவர் மேலே கல்லோடு இருந்தார்.

கடைசி நாளில் மட்டும் மேயருக்கு மனசு கேட்கவில்லை. வாங்கிப்போட்ட விளக்குகள் சும்மா கிடக்கின்றனவே என்று, வெலின் சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே, ஹோரோ ஆட்டத்துக்காக எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் போட்டுவிட்டார். கண்ணாடியைக் கழற்றாதவர்கள் பிழைத்தார்கள். மேலே வெலினின் திரையில் இரண்டு புள்ளிகளும் வெள்ளத்தில் போன மாதிரி போயின. அவர் பல வருஷத்துக்குப் பிறகு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். ஆனால் வேண்டியது ஏற்கெனவே கிடைத்திருந்தது. பின்னர் ஆய்வுக் கட்டுரையைப் பரிசோதித்த வெளிநாட்டுக்காரர், அந்தக் கடைசி அளவு மட்டும் ஏன் எகிறியிருக்கிறது என்று கேட்டிருந்தார். வட்டமாகக் கைகோத்து ஆடும் ஆட்டத்தைப் பற்றி அறிவியல் நடையில் எழுதுவது எப்படி என்று வெலின் ஒரு வாரம் யோசித்தார். 'உள்ளூர்க் காரணங்களால்' என்று எழுதி முடித்தார்.

கணக்கெல்லாம் போட்டு முடிக்கக் குளிர்காலம் ஆகிவிட்டது. முடிவு வந்த அன்று அவர் ஹைரியின் கடைக்குப் போனார். நல்லவேளையாக ஊராட்சிக் கூட்டமும் நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் அவருக்கு இடம் விட்டார்கள்.

"கண்டுபிடிச்சாச்சு. சரளை."

"என்ன சரளை?" என்றார் மேயர்.

"கல்லோட மேல்பரப்பு. பொடி மணல் இல்ல. பயறு அளவுக்கு, அதுக்கு மேலயும், உதிரி உதிரியாச் சரளை. அதிருற பங்கு அவ்வளவு அதிகமா இருந்தா அதுதான் அர்த்தம்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சஃபீர்தான் எழுந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணே. நாங்க பாத்தப்ப வழுவழுன்னு இருந்துச்சு."

"நீங்க பாக்கல சஃபீர்."

"நீங்கதான் பாக்கல. ரெண்டு புள்ளிதான் பாத்தேன்னு நீங்களே சொன்னீங்க. நாங்க முழுக்கல்லையும் பாத்தோம். எடது பக்கம் பள்ளம், மத்த எடமெல்லாம் வழுவழு."

"முட்டை மாதிரி" என்றார் ஹைரி.

வெலின் விளக்கினார். தாளில் கோடு போட்டார். வளைவு எங்கே ஏறுகிறது, எங்கே உச்சம் என்றெல்லாம் காட்டினார். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியில் மேயர், இதில் மனக்கசப்பு வேண்டாம், சபை முறைப்படி முடிவு செய்துவிடலாம் என்று ஓட்டுக்கு விட்டார். சரளை என்பதற்கு வெலின் கை தூக்கினார். வழுவழு என்பதற்கு மற்ற எல்லோரும் தூக்கினார்கள். கதவோரத்தில், அவருக்காகக் கம்பளிக் கழுத்துத்துணி கொண்டுவந்து நின்றிருந்த ருஸ்காவும் தூக்கினாள்.

வீட்டுக்கு நடக்கும்போது பனி கொட்டியது.

"நீ எதுக்குக் கை தூக்கின?"

"எனக்கு வழுவழுன்னுதான் தெரிஞ்சுது" என்றாள் ருஸ்கா.

அவர் நின்றுவிட்டார். இருபது வருஷம் தன்னோடு வாழ்ந்தவள், கல்லைப் பற்றித் தன்னோடு மாறுபட்டுப் பேசுவது இதுவே முதல் தடவை. அதற்கு முன் கல்லைப் பற்றி எதுவுமே பேசியதில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல், தெருநடுவில் வேலியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். ருஸ்கா கழுத்துத்துணியை அவருக்குச் சுற்றிவிட்டு, "பள்ளமும் இருந்துச்சு" என்றாள்.

வசந்தத்தில் ஊராட்சி அவரைக் கொசார்க்காவின் கௌரவக் குடிமகன் ஆக்கியது. சரளை விஷயத்தில் அவரைத் தோற்கடித்த வருத்தம் எல்லோருக்கும் இருந்திருக்க வேண்டும். கௌரவக் குடிமகனுக்கு என்ன கிடைக்கும் என்று ருஸ்கா கேட்டாள். மேயர் பழைய விதிகளைத் தேடிப் பார்த்துச் சொன்னார்: கல்லறைத் தோட்டத்தில் இருவருக்கு இடம், இலவசமாக, மேல்வரிசையில்.

இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தார்கள். சரிவான இடம். நாள் முழுக்க வெயில். வெலின் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு, காற்றோட்டமாக இருக்கிறது என்றார். ருஸ்கா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரல்களுக்கு நடுவில் நசுக்கினாள். முகர்ந்தாள். எழுந்து, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்து பார்த்தாள்.

"நமக்கு இப்போதைக்கு வேண்டாமே இது?" என்றாள்.

"இப்போதைக்கு வேண்டாம்னுதான் நெனைக்கிறேன்."

மே மாதத்தில் அவள் அங்கே அவரை விதைகளை ஊன்றினாள். வெலின் காட்டுக்குப் போய்க் கழி வெட்டிவந்து நட்டுக் கொடுத்தார். ஆடி அசைந்து வளர்ந்த கொடி, ஜூலையில் பக்கத்துச் சிலுவைகளுக்கும் ஒன்றிரண்டு கை நீட்டியது. பாதிரியார் சோத்திர் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார்.

"ருஸ்கா அம்மா, இது கல்லறைத் தோட்டம்."

"தோட்டம்னு நீங்களேதான் சொல்றீங்க" என்றாள் ருஸ்கா, களையைப் பிடுங்கிக்கொண்டே.

வேதப்புத்தகத்தில் இதற்கு ஏதாவது தடை உண்டா என்று பாதிரியார் தேடுவது முகத்திலேயே தெரிந்தது. கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"பெரிய அவரையா, சின்னதா?" என்று கேட்டார்.

"பெருசு. எண்ணெய்யில வதக்கினா அவ்வளவு நல்லா இருக்கும்."

"காய்ச்சதும் சொல்லியனுப்புங்க" என்றார் அவர். போகிற வழியில், தன் தகப்பனாரின் சிலுவையில் சுற்றியிருந்த கொடியை மெதுவாகப் பிரித்து, ஒடிந்துவிடாமல், வெலின் நட்ட கழியில் ஏற்றிவிட்டுப் போனார்.